காணாமல்போன கொக்கி: அக்கா சொன்னதும் நான் எழுதியதும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து குடைந்து குடைந்து கேட்கக் கூடாது. இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. புதன்கிழமை மதியம் அக்கா போனில் புலம்பியது. அவள் புலம்பப் புலம்ப நான் "ம்", "ஐயோ", "அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு பழைய கவரின் முதுகில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளின் துக்கத்தில் கதை பொறுக்குகிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஒரு மாதமாக "கதை எங்கம்மா?" என்று கேட்கிறார். நானும் ஒரு மாதமாக "முடியப் போகுது சார்" என்கிறேன். ஆரம்பிக்கவே இல்லை என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். அவரிடம் போட்டுக்கொடுக்காதீர்கள்.

அக்காவுக்குக் கம்ப்யூட்டரில் இயந்திரம் வரையும் வேலை. அவள் கம்பெனி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலிக்கு மாற்றும் ஒரு கருவியைச் செய்கிறது. கீழே சக்கரம், நடுவில் தூண், மேலே நீளமாக ஒரு கை. அந்தக் கையில் தொட்டில் மாதிரி ஒரு துணி. [அக்காவை நீங்கள் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும் அல்லவா? குள்ளம். ஒல்லி. தண்ணீர் கேனைத் தூக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் போய் ஆள் தூக்கும் கருவி வரைகிறாள்.]

புதன்கிழமை அவள் சொன்னது இவ்வளவுதான். கம்பெனியில் இத்தனை காலம் ஆளாளுக்கு வரைந்து ஆளாளுக்கு ஒளித்துவைத்திருந்ததையெல்லாம் புதிதாக வாங்கிய ஒரு சிஸ்டத்துக்குள் ஏற்ற வேண்டும். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று அது காவல் காக்கும். ஆபீசில் அதற்கு 'வால்ட்' என்று பெயர். உள்ளே ஏற்றுவதற்கு 'செக்-இன்'. கருவியின் முழு ஃபைலையும் ஏற்றப் போனால், வால்ட் வாசலிலேயே மறித்து, 'இதில் ஒரு பாகத்தைக் காணோமே' என்கிறது.

"அந்த லாட்ச்ச காணோம்டி," என்றாள். "தூக்கற கை திடுதிப்புனு கீழ வந்துடாம புடிச்சு நிறுத்தற கொக்கி. மத்ததெல்லாம் பச்சையா இருக்கு. அது ஒண்ணு மட்டும் சிவப்பா நின்னுது. என்ன பண்றதுன்னே தெரியல."

"ஐயோ. அந்த மெசேஜ் எப்படி வரும்? பெட்டி மாதிரியா? என்ன கலர்?" என்று கேட்டேன்.

"கலரா?" என்றாள் அக்கா. அப்புறம், "மஞ்சள் முக்கோணம் போட்டு வரும்," என்றாள். எழுதிக்கொண்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் திரையையே வெறித்துப் பார்த்தபடி

மழைக்கும் ஃபைல் காணாமல் போனதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் கதை ஓடவில்லை என்றால் உடனே மழையை வரவழைப்பேன். இது வியாதி. விட்டேன்.

(ஆ) நான் ஒரு கொக்கி. என்னைத் தேடுகிறார்கள்.

கொக்கி வாய் திறந்து பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நானே போயிருப்பேன்.

(இ) இருபத்தோராம் நூற்றாண்டில் மனிதன் தன் நினைவுகளை இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டு

அடச்சீ. இது யார் எழுதியது?

மூன்றும் வேலைக்காகவில்லை. ஆனால் ஒன்றை விளக்காமல் கதை நகராது. விளக்கினால் நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள். பரவாயில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கருவியின் முழு ஃபைல் என்கிறோமே, அதற்குள் எந்தப் பாகமும் கிடையாது. சக்கரம் அந்த ஃபோல்டரில் இருக்கிறது, தூண் இந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விலாசங்கள்தான் இருக்கும். திறக்கும்போது அது ஒவ்வொரு விலாசத்துக்கும் ஓடிப் போய்ப் பாகத்தைக் கூட்டிவந்து நிறுத்தும். யாராவது ஃபோல்டரை மாற்றினாலோ பெயரை மாற்றினாலோ போன இடத்தில் பூட்டுத்தான் தொங்கும். திரும்பி வந்து மஞ்சள் முக்கோணம் காட்டும். இதை அக்கா வியாழக்கிழமை எனக்கு விளக்கினாள். கடன் கேட்டு வந்தவனுக்குக் கணக்கு வாத்தியார் சொல்கிற பொறுமையோடு விளக்கினாள்.

"சரி, அந்த லாட்ச் விலாசம் எங்க காட்டுது?"

"அவனோட டெஸ்க்டாப்ப காட்டுது."

'அவன்' என்பவர் அந்தக் கொக்கியை வரைந்துவிட்டு வேலையை விட்டுப் போனவர். எதையும் பொது ஃபோல்டரில் வைக்க மாட்டாராம். எல்லாம் தன் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே. அவர் திரையில் பின்னணிப் படம் என்ன என்று யாருக்குமே தெரியாதாம், அத்தனை ஃபைல். ஆகவே இந்தக் கதையில் அவர் பெயர் டெஸ்க்டாப். அவர் போனதும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்து அழித்து, அதை வரவேற்பறைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா அவருக்குப் போன் செய்திருக்கிறாள். அந்த உரையாடலை அவள் சொன்னபடியே தருகிறேன், இதில் என் சரக்கு ஒன்றுமில்லை.

"லாட்ச் ஃபைலா? பத்திரமா இருக்கே மேடம்."

"எங்க?"

"என் பழைய கம்ப்யூட்டர்ல. டெஸ்க்டாப்ல."

"அத அழிச்சாச்சுங்க."

"அழிச்சாச்சா? அடப்பாவிகளா, கேட்டுட்டு அழிக்கக் கூடாதா?"

"வேற எங்கயாவது காப்பி?"

"இருக்கு மேடம். அதே டெஸ்க்டாப்ல பேக்கப்னு ஒரு ஃபோல்டர்."

* இது அடிக்குறிப்பாகப் பக்கத்தின் கீழே போக வேண்டியது. எனக்கு அடிக்குறிப்பு போடத் தெரியாததால் இங்கேயே: அக்கா அந்தப் போனை வைத்ததும் சிரித்தாளாம். ஆபீசே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அழுகிறாளோ என்று பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

3

[இந்தப் பகுதி எடுக்கப்பட்டது. இதில் அக்கா வீட்டுக்காரர் வந்தார். மாமா கொக்கி விஷயத்தில் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. ஆனாலும் ஒரு முழுப் பக்கம் வந்து, சோபாவில் சாய்ந்து, ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். மிக நன்றாக வந்திருந்தது. அக்கா, "அவர எழுதின, உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்," என்றாள். அவள் ஏறினால் ஒரு வாரம் தங்குவாள் என்பதால் கொஞ்சம் யோசித்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.]

4

இப்போது மேனேஜர். இங்கேதான் எனக்கு உதைக்கிறது.

அக்கா அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்பாராம். நெருப்புப் பிடித்தாலும் அதையே சொல்வார் என்று ஆபீசில் அவருக்கு 'சரிபண்ணிக்கலாம்' என்றே பெயர். இதை வைத்துக்கொண்டு எப்படி ஒரு ஆளை நடக்க வைப்பது? அவருக்கு மீசை உண்டா? சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாரா? மனைவியிடமும் சரிபண்ணிக்கலாம் என்பாரா?

அதனால் ஒரு காரியம் செய்தேன். என் பழைய கதை ஒன்றில் ஒரு தலைமைக் குமாஸ்தா இருந்தார். அவரைத் தூக்கி இங்கே வைத்தேன். பெயரை மாற்றினேன், மீசையை எடுத்தேன், ஒரு கண்ணாடி மாட்டிவிட்டேன். நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கும் பழக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். [இதை இதற்கு முன்னும் செய்திருக்கிறேன். ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. ஒரு விமர்சகர் அந்தப் பாத்திரத்தை "முற்றிலும் புதிய வார்ப்பு" என்றே எழுதினார். நான் நன்றி சொல்லிக் கடிதம் போட்டேன்.]

மேனேஜர் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் உள்ள போயிடணும். முடியுமா?" என்று கேட்டார்.

இது மீட்டிங். அக்கா புலம்பியதற்கு முந்தைய வாரம் நடந்தது. இந்த மீட்டிங் நிஜம், நாற்காலி மட்டும் என்னுடையது. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே கையை முதலில் தூக்குகிற ஜாதி ஒன்று உண்டு அல்லவா, அக்கா அதைச் சேர்ந்தவள்.

"முடியும் சார். வெள்ளிக்கிழமை பாருங்க, ஒரு சிவப்புகூட இருக்காது."

கை தட்டினார்களாம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். அவளுக்கு அப்போது டெஸ்க்டாப்பின் மகிமை தெரியாது.

"சரி, கொக்கியத்தான் ஏற்கனவே செஞ்சு வெச்சிருப்பீங்களே? கருவி ஒண்ணு இருக்குமே? அத கழட்டி அளந்து வரைஞ்சுட வேண்டியதுதான?" என்று நான் வியாழக்கிழமை கேட்டேன். கதாசிரியைக்கு இந்த அளவு மூளை உண்டு.

"இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அத மேனேஜர் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போயிட்டார். அங்கேர்ந்து இன்னொரு ஊர் கண்காட்சிக்குப் போகுது. திரும்பி வர ரெண்டு வாரம் ஆகும்."

"அங்கயே யாராவது அளந்து சொல்லக் கூடாதா?"

"கேட்டேன். அப்புறம் சரிபண்ணிக்கலாம்னார்."

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே அக்காவுக்குப் போன் செய்தேன். பாசத்தால் அல்ல. கதை நடுவழியில் நின்றுவிட்டது. அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் எழுத முடியும்.

"என்னக்கா ஆச்சு?"

"முடிஞ்சுது. எல்லாம் பச்சை."

"எப்படி? கொக்கி கிடைச்சுதா?"

"முடிஞ்சுதுன்னு சொல்றேன்ல. விடு."

"எங்க கிடைச்சுது? யாரு எடுத்துக் குடுத்தா?"

"அடுப்புல வேலை இருக்கு, வைக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மூன்று நாளாகத் தொங்கவிட்ட முடிச்சை இவள் பாட்டுக்கு அவிழ்த்துவிட்டு, எப்படி அவிழ்த்தாள் என்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனால் என்ன அர்த்தம்? கொக்கி கிடைத்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள் என்றா எழுதுவது? ஆசிரியர் காறித் துப்புவார்.

ஆகவே நிஜத்தை அதன் வழியில் போகச் சொல்லிவிட்டு, முடிவுகளை நானே தயாரித்தேன்.

6

முடிவு ஒன்று: அவள் வரவேற்பறைக்குப் போகிறாள். வரவேற்பாளப் பெண் சேர்த்துவைத்திருக்கும் பூனைப் படங்களுக்கு நடுவே, துடைத்த பிறகும் எப்படியோ தப்பித்த ஒரு ஃபோல்டர். அதற்குள் கொக்கி. இருவரும் கட்டிப்பிடித்து

முடிவு இரண்டு: வால்ட் பெயரை மட்டும்தான் பார்க்கிறது என்பது அவளுக்குத் தெரியும். காணாமல்போன கொக்கியின் பெயரிலேயே ஒரு வெற்று ஃபைல் தயாரிக்கிறாள். அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. செக்-இன் செய்கிறாள். பச்சை விளக்கு. பட்டறைக்கு ஒரு வெள்ளைத் தாள் போகிறது. கடைசல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். [இது எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைத் தாள் என்றால் விமர்சகர்கள் சும்மா விட மாட்டார்கள்.]

முடிவு மூன்று: அவள் மீட்டிங்கில் எழுந்து நின்று, "இயந்திரங்களின் ஞாபகத்தை நம்பி மனிதர்களை" என்று தொடங்கி ஒரு பக்கம் பேசுகிறாள்.

மூன்றையும் வைத்து, எது சரி என்று வாசகரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி போட்டேன். எழுதுகிறவருக்கு முடிவு தெரியாதபோது கைகொடுக்கும் வரி அது. அப்படியே சனிக்கிழமை அக்காவுக்கு அனுப்பினேன். தொழில் விஷயத்தில் ஏதாவது உளறியிருந்தால் சொல்வாள் அல்லவா?

7

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் நடனமாடிக்கொண்டிருக்கிறது, நான் அதன்மேல் கையை ஊன்றி நிற்கிறேன். போன்.

"படிச்சேன்," என்றாள் அக்கா.

"எப்படி இருக்கு?"

"நான் குள்ளமாடி?"

"அக்கா, கதைய சொல்லு."

"முதல் முடிவு நடக்காது. துடைச்சா துடைச்சதுதான், பூனைப் படமெல்லாம் காப்பாத்தாது. மூணாவதும் நடக்காது. எங்க மீட்டிங்ல ஒரு பக்கத்துக்கெல்லாம் யாரும் பேச விட மாட்டாங்க, பாதியிலயே டீ வந்துடும்."

"ரெண்டாவது?"

"வெத்து ஃபைலா? அத வெச்சா எடை பூஜ்யம்னு காட்டும். பட்டறைலேர்ந்து அன்னிக்கே போன் வரும், என்னம்மா வெறும் தாள அனுப்பியிருக்கன்னு. அரை நாள்ல மாட்டிக்குவாங்க." பிறகு கேட்டாள். "அந்த மேனேஜர் விஷயம் நிஜமா? பழைய கதைலேர்ந்து தூக்கிட்டு வந்து பேர மாத்தி வெச்சேன்னு எழுதியிருக்கியே."

"நிஜம்தான்."

"ஒருத்தரும் கண்டுபிடிக்கலயா?"

"எவன் கண்டுபிடிப்பான்? அந்த இடத்துல ஒரு ஆள் நிக்கணும், அவ்வளவுதான். ஆள் இல்லன்னா கேப்பாங்க. ஆள் இருந்துட்டா எந்த ஆளுன்னு எவனும் பாக்க மாட்டான்."

நான் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டதால் அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"நானும் அதத்தான் பண்ணேன்," என்றாள்.

"எத?"

"பழைய மாடல் கருவியோட லாட்ச் இருந்துது. அத காப்பி பண்ணி, காணாமப்போன லாட்ச்சோட பேர வெச்சு உள்ள ஏத்திட்டேன். பேர் சரியா இருந்துது. பச்சையாயிடுச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. புரியாததால், "அதுவும் கொக்கிதான?" என்று கேட்டேன்.

"கொக்கிதான். பாத்தா அதே மாதிரிதான் இருக்கும். மூக்கு மட்டும் குட்டை. பழைய கருவில கை நீளம் கம்மி, அதுக்கு அது போதும். இதுல கைய நீட்டிட்டோம். கனமான ஆள் யாராவது அதுல தொங்கினா மூக்கு வழுக்கி விட்டுடும். அதுக்குத்தான அவன் புதுசா வரைஞ்சான்."

"விட்டா?"

"விட்டா கை கீழ வரும். ஆளோட."

ஐயோ என்றேன். பிறகு, "செஞ்சு முடிச்சதும் டெஸ்ட் பண்ணுவாங்கல்ல? அப்ப தெரிஞ்சுடும்ல?" என்றேன்.

"எடை டெஸ்ட் போன மாசமே முடிஞ்சுது. அப்ப இருந்தது நல்ல லாட்ச். பாஸ்னு எழுதி வெச்சாச்சு, இன்னொரு தடவ பண்ண மாட்டாங்க. முதல் பீஸ் பட்டறைலேர்ந்து வந்ததும் அத வரைஞ்சவங்கதான் முதல்ல உக்காரணும், அது எங்க ஆபீஸ் வழக்கம். நான்தான் உக்காருவேன். என்ன தூக்கறதுக்குப் பழைய கொக்கியே போதும், நான்தான் ஒல்லியாச்சே. எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

வெற்று ஃபைல் என்று எழுதி, அதற்கு வெள்ளைத் தாள் என்று அலங்காரமெல்லாம் செய்து வைத்திருந்தேனே, என் கெட்டிக்காரத்தனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெறுமையாக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். இவள் கேள்வியே வராதபடி செய்துவிட்டாள்.

"எப்ப வெச்ச?"

"புதன்கிழமை."

"புதன்கிழமையா? என்கூட பேசினதுக்கு அப்புறமா?"

"முன்னாடி. வெச்சுட்டுத்தான் உனக்கு போன் பண்ணேன்."

"அப்ப என்ன பண்றதுன்னே தெரியலன்னியே?"

"ஆமா. வெச்சுட்டேன், இப்ப என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ கலர் கேட்ட."

[இங்கே ஒரு நகைச்சுவை போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

8

இதற்கு மேல் வருவதை நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து, நடக்க நடக்க எழுதுகிறேன். எழுத்து சரியாக இல்லை என்றால் மன்னிக்கவும்.

நாளைக் காலை மேனேஜர் எந்த ஊரில் இருந்தாலும் லேப்டாப்பைத் திறந்து 'ரிலீஸ்' பட்டனை அழுத்துவார். அழுத்திவிட்டால் ஃபைல் பூட்டிக்கொள்ளும், பட்டறை இரும்பை வெட்ட ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் என்றால் அக்காவே அந்தக் கொக்கியை வெளியே எடுத்துவிடலாம். வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு க்ளிக்.

"எடுத்துடுக்கா," என்றேன்.

"எடுத்தா திரும்ப சிவப்பாயிடும்."

"ஆகட்டுமே. ரெண்டு வாரத்துல கருவி வந்துடும், அளந்து வரைஞ்சுடு."

"வரைஞ்சுடலாம். அந்த ரெண்டு வாரமும் எல்லாரும் கேப்பாங்க, வெள்ளிக்கிழமை பச்சையா இருந்தது எப்படி சிவப்பாச்சுன்னு. யாரு எப்ப என்ன வெச்சாங்கன்னு வால்ட் காட்டிக் குடுத்துடும். அதுக்குத்தான அத வாங்கினதே."

"வேலை போயிடுமா?"

"போகாதுன்னுதான் நினைக்கறேன். ஆனா இனிமே நான் எத உள்ள வெச்சாலும் ஒருத்தர் திறந்து பாப்பாங்க. நான் வெச்சத இதுவரைக்கும் யாரும் திறந்து பாத்தது இல்லடி."

அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. எனக்கு அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. யார் வீட்டிலோ யாரோ ஒரு பெண் தன் கனமான புருஷனை அந்தத் துணியில் உட்கார வைத்து, பிடியைச் சுழற்றி மேலே தூக்குகிறாள். கொக்கி பிடித்துக்கொள்ளும் என்று நம்பி, தலையணையைச் சரிசெய்யத் திரும்புகிறாள். இதை நான் கற்பனை செய்யவே வேண்டியிருக்கவில்லை, தானாகக் கண்ணில் வந்தது.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சுட்டு உனக்கு அழுகை ஒரு கேடா?" என்று கத்தினேன். "எனக்கு பயமா இருக்குக்கா. எடு. இப்பவே எடு."

"கத்தாத. திறந்துட்டுத்தான் இருக்கேன்."

மௌஸ் சத்தம். நாற்காலி சத்தம். உள்ளே மாமா "யாரு போன்ல?" என்று கேட்கும் சத்தம். [மன்னித்துக்கொள், அக்கா. ஒரு வரிதான்.]

"ம். வந்துடுச்சு. லாட்ச் மேல க்ளிக் பண்ணிட்டேன். எடுக்கவான்னு கேக்குது."

"எடு."

"நீ என்ன எழுதப் போற?"

"இப்ப அதுவாக்கா முக்கியம்?"

"எனக்கு முக்கியம். தங்கச்சி திட்டினா, அதனால எடுத்தான்னு எழுதிடாத. அவளே எடுத்தான்னு எழுது. யாரும் சொல்லாம, தானா."

"சரி, அப்படியே எழுதறேன். எடு."

"முதல்ல எழுது. எழுதிப் படிச்சுக் காட்டு. அப்புறம் எடுக்கறேன்."

"நீ முதல்ல எடு. நடக்காதத நான் எப்படி எழுதறது?"

"இத்தன நாளா எழுதினியே?"

அவள் கேட்ட வரியை எழுதத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் சொல்லாமல், அக்கா தானாகவே அந்தக் கொக்கியை வெளியே

இத்துடன் நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதை எழுதிப் படித்துக் காட்டினால், கேட்டு, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு, எடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மூடிவிடுவாளோ என்று பயம். எனக்கு அவளைத் தெரியும். கதையில் பச்சையாகிவிட்டால் அவளுக்குப் போதும்.

வழக்கமாக இந்த இடத்தில் உங்களிடம் தள்ளிவிட்டு, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று நழுவுவேன். இந்த முறை கெஞ்சிக் கேட்கிறேன், எழுதாதீர்கள். நல்லபடியாக முடித்துவைக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும், நீங்கள் நல்லவர்கள், அதுதான் எனக்குக் கவலை. அவள் என் கதைகளை வரி விடாமல் படிப்பவள். அந்த ஒரு சொல் எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்து வைத்துக்கொள்வாள். கொஞ்சம் சும்மா இருங்கள், இருவரும் சேர்ந்து அவளைக் காத்திருக்க வைப்போம்.

லைனில்தான் இருக்கிறாள்.

"எழுதிட்டியா?" என்கிறாள்.

"எடுத்துட்டியா?" என்கிறேன்.